பி.காம். கையேட்டைப் பின்னாலிருந்து படியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பக்கத்தில், அதாவது சாட்ஸ்வொர்த்தில், பிள்ளை மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்ததும் சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை பாயின்ட்?" என்பதுதான். கல்யாண வீட்டில் எத்தனை பவுன் என்று விசாரிக்கிற அதே குரல். பாயின்ட் என்றால் ஏ.பி.எஸ்., பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 7 வரை ஒரு நிலை தருவார்கள். 80க்கு மேல் எடுத்தால் 7, 70க்கு மேல் 6, அப்படியே இறங்கி 30க்குக் கீழே போனால் 1. அவற்றைக் கூட்டி வரும் எண்ணை வைத்து இந்தப் பல்கலைக்கழகம் கிடைக்கும், அது கிடைக்காது என்று கூடத்தில் உட்கார்ந்தே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். உள்ளே போகும் பிள்ளை பட்டத்தோடு வெளியே வர என்னென்ன வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த ஒரு கல்லூரியில் பி.காம். படித்தவன். இங்கே ஒரு மசாலா மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். மனைவி இந்த ஊரிலேயே பிறந்தவள். அவளுடைய கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாக டொங்காட் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அவள் பக்கத்துச் சொந்தத்தில் யாராவது பி.காம். என்று வாயைத் திறந்தால் போதும், "மாமாவைக் கேள்" என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள். கடைசியாக வந்தவள் மச்சினன் மகள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இடம் கிடைத்திருந்தது. கையேட்டைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, இதில் எதை எடுக்கணும்னே புரியலை" என்றாள்.

அவளுக்குப் புரியாததில் வியப்பில்லை. சட்டமும் மேலாண்மையும் சேர்ந்த கல்லூரியின் கையேடு அது. முதலில் பொது விதிகள், அப்புறம் பட்டங்களின் விதிகள், அப்புறம் நூற்றுக்கணக்கான பாடங்களின் விவரம். முன்னாலிருந்து படித்தால் பத்தாவது பக்கத்தில் தூக்கம் வந்துவிடும். நான் அவளைக் கடைசி வருடத்திலிருந்து படிக்கச் சொன்னேன். மூன்றாம் ஆண்டில் எந்த மேஜர், அதாவது முதன்மைப் பாடம், வேண்டும் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அந்த மேஜரின் மூன்றாம் ஆண்டுப் பாடம் ஒவ்வொன்றின் கீழும், இதற்கு முன் என்ன முடித்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் ஆண்டுக்கு வர வேண்டும். அங்கேயும் அதே மாதிரி ஒரு வரி. அதைப் பிடித்து முதலாம் ஆண்டுக்கு வந்தால், பிப்ரவரியில் எதில் பதிவு செய்ய வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

அவளுக்கு ஃபைனான்ஸ் வேண்டும். சரி என்று காகிதம் எடுத்துக் கீழிருந்து மேலே கோடு போட்டுக்கொண்டே வந்தோம். மூன்றாம் ஆண்டு ஃபைனான்ஸுக்கு இரண்டாம் ஆண்டு ஃபைனான்ஸ் வேண்டும். இரண்டாம் ஆண்டு ஃபைனான்ஸின் கீழே முதலாம் ஆண்டு அக்கவுன்டிங்கும் எகனாமிக்ஸும் மேத்ஸும் நின்றன. தோழிகள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதற்காக மேத்ஸ் பாடத்தை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைக்க நினைத்திருந்தாள். கோடு போட்டு முடித்ததும் அவளே அதை அடித்துவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை. பல்கலைக்குப் பல்கலை பாடத்தின் பெயர் மாறும், எண் மாறும். இந்தச் சங்கிலி மட்டும் எல்லா இடத்திலும் உண்டு.

தமிழ்நாட்டில் பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. எனக்கும் முதலில் வினோதமாகத்தான் இருந்தது. எங்கள் வகுப்பில் அத்தனை பேருக்கும் ஒரே பாடங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. முதல் செமஸ்டர் ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங்கில் அரியர் வைத்தவனும் எங்களோடு மூன்றாம் ஆண்டுக்கு வந்து கார்ப்பரேட் அக்கவுன்டிங் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். கடைசியில் மொத்த அரியரையும் ஒரேயடியாக எழுதித் தள்ளுவான். இங்கே அது நடக்காது. முன்பாடம் முடியாமல் அடுத்த பாடத்தில் பெயர் பதியவே கணினி விடாது. வருடத்தால் மூன்றாம் ஆண்டு மாணவனாக இருந்துகொண்டு, முதலாம் ஆண்டு வகுப்பில் புதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பவர்களை வெஸ்ட்வில்லில் நிறையப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு சிக்கல், படிப்பு வருடம் பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிவது. முதல் செமஸ்டர் ஜூனோடு சரி. அந்தச் செமஸ்டரில் மட்டும் நடக்கும் பாடம் ஒன்றில் தோற்றால் அடுத்த பிப்ரவரிவரை காத்திருக்க வேண்டும். அதை நம்பி நிற்கும் இரண்டாம் ஆண்டுப் பாடம் ஒரு வருடம் தள்ளும், மூன்றாம் ஆண்டுப் பாடமும் கூடவே தள்ளும். ஒரே ஒரு பாடம்தான் போச்சு என்று பிள்ளை சொல்லும்போது, அப்பா அம்மாவுக்கு அது ஒரு முழு வருடத்து ஃபீஸ் என்று விளங்குவதில்லை. சங்கிலியின் அடியில் நிற்கும் பாடத்தில் 50 வாங்குவது, எதற்கும் முன்பாடமாக இல்லாத ஒன்றில் 75 வாங்குவதைவிட மேல். பேராசிரியர்கள் இதை ஏற்க மாட்டார்கள். கணக்கு எழுதுகிறவன் இப்படித்தான் பார்ப்பான்.

பரீட்சை எழுதவே ஒரு தகுதி வேண்டும் என்பது அடுத்தது. டி.பி. என்பார்கள். டியூட்டோரியல் என்கிற சிறு குழு வகுப்புக்குப் போயிருக்க வேண்டும், வகுப்புத் தேர்வுகளில் குறைந்தபட்சம் இவ்வளவு வாங்கியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் எழுதி வைத்திருப்பார்கள். அது இல்லையென்றால் ஜூனில் தேர்வுக்கூடத்துக்குள் விட மாட்டார்கள். கடைசி இரண்டு வாரத்தில் விழுந்து விழுந்து படித்துத் தேறிவிடும் நம் ஊர்ச் சாமர்த்தியம் இங்கே செல்லாததற்கு இதுதான் காரணம். 50 எடுத்தால் தேர்ச்சி. 40க்கும் 49க்கும் நடுவில் விழுந்தால் சப் என்று ஒரு மறுதேர்வு கிடைக்கும். 40க்குக் கீழே போனால் அதுவும் கிடையாது. அதனால் சப் எழுதப்போவதாகப் பிள்ளை சோகமாக வந்து சொன்னால் திட்டாதீர்கள். அது கொஞ்சம் நல்ல செய்திதான்.

வெஸ்ட்வில்லில் ஒவ்வொரு மாணவருக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று ஒரு நிறமும் உண்டு. இந்த ஊரில் தெருமுனை சிக்னலை ரோபோ என்றுதான் சொல்வோம். இதுவும் ஒரு ரோபோதான். போதுமான பாடங்கள் தேறாவிட்டால் ஆரஞ்சு. அப்போது ஆலோசகரைப் போய்ப் பார்க்கச் சொல்வார்கள். சிவப்பு வந்துவிட்டால் வெளியே அனுப்பும் பேச்சு தொடங்கிவிடும். எந்த நிறம் என்று பெற்றோருக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள், பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள்.

கிரெடிட் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி, ஆனால் கேட்பவர்களுக்குச் சலிக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் எந்த மூன்று வருட இளங்கலைப் பட்டத்துக்கும் குறைந்தது 360 கிரெடிட் வேண்டும். தேசியத் தகுதிக் கட்டமைப்பில் அது 7ஆம் நிலை. ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. வகுப்பு, டியூட்டோரியல், வீட்டில் படிப்பது, பரீட்சை எல்லாம் அதில் அடக்கம். மருமகள் எடுத்த பாடங்கள் 16 கிரெடிட் வீதம். ஒரு செமஸ்டருக்கு நான்கு பாடம் என்றால் 64 கிரெடிட், 640 மணி நேரம். அதைப் பதினாறு வாரத்துக்கு வகுத்தால் வாரம் 40 மணி நேரம். ஒரு முழுநேர வேலை. அட்டவணையில் வகுப்புகள் கொஞ்சமாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவளுடைய அப்பா, "மத்தியானமெல்லாம் சும்மாதானே, கடைக்கு வந்து நிற்கலாமே" என்றார். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகு சனிக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று இறங்கி வந்தார்.

என் மனைவி யுனிசா என்கிற தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கே கணக்கு இன்னும் எளிது: பாடத்துக்கு 12 கிரெடிட், மொத்தம் 30 பாடம், 360. வேலைக்குப் போய்க்கொண்டு செமஸ்டருக்கு மூன்று பாடம் எடுத்தால் ஐந்து வருடம். தொலைநிலைக் கல்வி என்பதால் பட்டத்தின் மதிப்பு குறைவு என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1873இல் தொடங்கி, 1946 முதல் அஞ்சல் வழியில் கற்பித்து வருகிற பல்கலைக்கழகம் அது. மண்டேலாவும் அங்கே படித்தவர்தான். நிலை அதே 7தான், கிரெடிட்டும் அதே 360தான். டியூட்டோரியலுக்கு வா என்று யாரும் விரட்டாததுதான் வித்தியாசம். அது சிலருக்கு வசதி, பலருக்கு ஆபத்து.

இனி வீட்டில் பெரிய சண்டை கிளப்பிய விஷயத்துக்கு வருகிறேன்: ஜூலு. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் சேர்கிற இளங்கலை மாணவர்கள், பி.காமோ பொறியியலோ, ஐசிஜூலு, அதாவது ஜூலு மொழி, தெரியாவிட்டால் அதில் ஒரு பாடம் முடித்தாக வேண்டும். பள்ளியிலேயே ஜூலு படித்துத் தேறியவர்களுக்கு விலக்கு உண்டு. சாட்ஸ்வொர்த் பிள்ளைகள் பலர் பள்ளியில் ஆங்கிலத்தோடு ஆப்பிரிக்கான்ஸ் எடுத்தவர்கள். என் மருமகளும் அப்படித்தான். "அக்கவுன்டிங் படிக்கப் போகிற பெண்ணுக்கு ஜூலு எதற்கு?" என்று மச்சினனுக்குக் கோபம். அவர் கோபத்தில் ஒரு பழைய ஆதங்கமும் கலந்திருந்தது. அதே வெஸ்ட்வில் வளாகம் ஒரு காலத்தில் இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு கட்டிய டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம். 1961இல் சாலிஸ்பரி தீவில் ஒரு பழைய கடற்படைத் தளத்தில் தொடங்கி, அப்புறம் வெஸ்ட்வில் குன்றுக்கு வந்தது. 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார்கள். அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்த காலமும் இருந்தது. "தமிழை எடுத்துவிட்டு ஜூலுவைக் கட்டாயமாக்குகிறார்கள்" என்பது அவர் வாதம்.

என் கருத்து வேறு. தமிழ்நாட்டில் பி.காம். படித்தவர்களுக்குப் பகுதி ஒன்று என்றால் என்னவென்று தெரியும். டெபிட் கிரெடிட் படிக்க வந்தவனைச் சிலப்பதிகாரமும் படிக்க வைத்தார்கள். மொழித் தாளில் தேறாமல் பட்டம் கிடையாது. அதை நாம் அநியாயம் என்று சொல்லவில்லை; நம் மண்ணில் படிக்கிறவன் நம் மொழி படிக்கட்டும் என்றுதான் இருந்தோம். இந்த மண்ணின் மொழி ஜூலு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் நூற்றுக்கு 24.4 பேர் வீட்டில் பேசுவதாகச் சொன்ன மொழி. எந்த மொழிக்கும் அதைவிடப் பெரிய எண்ணிக்கை கிடையாது. எங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் ஜூலு பேசுகிறவர்கள். வணிகம் படித்தவள் அவர்களிடம் விலை பேசத் தெரியாமல் நிற்பது நன்றாகவா இருக்கும்?

சண்டையைத் தீர்த்தது நான் இல்லை, மாமியார். அவருடைய அப்பா வார்விக் பக்கத்து அதிகாலைச் சந்தையில் காய்கறி விற்றவர். சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் போய் மாமியாருக்கும் ஜூலு தண்ணீர் பட்ட பாடு. "எங்க அப்பாவுக்குக் கையெழுத்தே வராது. ஜூலு மட்டும் தெரியாம இருந்திருந்தா நாம எல்லாரும் பட்டினிதான்" என்றார். மச்சினன் அதற்கு மேல் பேசவில்லை. முதல் செமஸ்டர் முழுக்கப் பேத்திக்கு டியூஷனும் அவர்தான் எடுத்தார். உச்சரிப்பில் க்ளிக் ஒலிகளை அவர் சொல்லிக்கொடுப்பதையும், அவள் நாக்கு புரளாமல் சிரிப்பதையும் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. தமிழுக்கும் வழி முழுக்க அடைபடவில்லை. இந்த மாகாணத்து அரசுப் பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஐந்தையும் விருப்பப் பாடமாகத் திரும்பக் கொண்டுவருவதாக 2014இல் அறிவித்தார்கள். கேட்கிற பெற்றோர் போதுமான அளவு இருந்தால்தானே பள்ளி ஆசிரியரைத் தேடும்.

பள்ளி என்றதும் ஒன்று. பின்னாலிருந்து படிப்பதை முதலாம் ஆண்டோடு நிறுத்தக் கூடாது, இன்னும் பின்னால் போக வேண்டும். பி.காமின் உண்மையான முதல் முன்பாடம் ஒன்பதாம் வகுப்பு முடிவில் நிரப்பும் பாடத் தேர்வுப் படிவத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பிலிருந்து மேத்ஸா, மேத்ஸ் லிட்டா (மேத்தமேட்டிக்கல் லிட்டரசி என்ற எளிய கணக்கு) என்று அங்கேதான் கேட்பார்கள். மேத்ஸ் லிட் தள்ளுபடி, வட்டி, வரைபடம் என்று அன்றாட வாழ்க்கைக்கு நல்ல பாடம்தான். அதில் 85 வாங்கினால் வீட்டில் கேக் வெட்டுவார்கள். ஆனால் பெரிய பல்கலைக்கழகங்களின் பி.காமுக்கு அது எடுபடாது. அசல் மேத்ஸில் பல இடங்களில் 60, சில இடங்களில் அதற்கும் மேலே கேட்பார்கள். மதிப்பெண் அதிகம் வரும் என்று பள்ளியே பிள்ளைகளை லிட் பக்கம் தள்ளுவதும் உண்டு. பள்ளிக்குத் தேர்ச்சி விகிதம் முக்கியம். பாயின்டைக் கூட்டும்போதும் கவனம் தேவை. லைஃப் ஓரியன்டேஷன் என்கிற வாழ்க்கைத் திறன் பாடத்தை வெஸ்ட்வில்லில் சேர்ப்பதில்லை. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் நிலைகளை விட்டுவிட்டு ஆறு பாடத்தின் சதவீதத்தைக் கூட்டி 600க்குக் கணக்குப் போடுவார்கள். ஒருவர் 34 என்றும் இன்னொருவர் 430 என்றும் சொல்லி ஒப்பிட்டுக்கொண்டிருந்ததை ஒரு பூஜை வீட்டில் கேட்டிருக்கிறேன்.

சி.ஏ. கனவோடு வருகிறவர்களுக்கு: பொது பி.காம். வேறு, பி.காம். அக்கவுன்டிங் வேறு. பெயரில் ஒரு சொல்தான் கூடுதல். ஆனால் சைகா என்ற பட்டயக் கணக்காளர் கழகம் அங்கீகரித்த பட்டம் இருந்தால்தான் அடுத்த படிக்கு நேரே போகலாம். மூன்று வருடப் பட்டம், ஒரு வருட முதுநிலை டிப்ளமோ, மூன்று வருடப் பயிற்சி, நடுவில் இரண்டு தொழில் தேர்வுகள். எதிலும் தடுக்கி விழாமல் போனாலே ஏழு வருடம். பொது பி.காம். முடித்துவிட்டு மனம் மாறினால் விட்டுப்போன பாடங்களை இடையில் படித்து நிரப்ப வேண்டியிருக்கும். மருமகளிடம் இதைச் சொன்னபோது, "எனக்கு சி.ஏ. வேண்டாம் மாமா, அப்பாவுக்குத்தான் வேணும்" என்றாள். அந்தப் பஞ்சாயத்தில் நான் தலையிடவில்லை.

பணத்துக்கு வருவோம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசின் மாணவர் நிதி உதவி கிடைக்கும். அதற்கு ஒரு கால வரம்பு உண்டு: படிப்பின் குறைந்தபட்சக் காலத்துக்கு மேல் ஒரே ஒரு வருடம். பி.காமுக்கு மூன்றும் ஒன்றும் நான்கு. சங்கிலி ஒரு முறை அறுந்தால் அந்தக் கூடுதல் வருடம் தாங்கிக்கொள்ளும். இரண்டு முறை அறுந்தால் கடைசி வருடத்துக்குக் கைக்காசுதான். உதவி வாங்கும் பிள்ளைகளுக்கு முன்பாடக் கணக்கை இன்னும் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். வருமானம் அந்த எல்லைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற எங்களைப் போன்ற குடும்பங்களின் பாடு தனிப் பதிவுக்கு ஆகும்.

கடைசியாக, பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கதை. ஒரு தனியார் கல்லூரியில் "பிசினஸ் கோர்ஸ்" என்று சேர்ந்து ஒரு வருடம் முடித்தான். இரண்டாம் வருடம் வேறு இடத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டில் சேரப் போனபோதுதான் கையிலிருந்த தாளை யாரோ உற்றுப் பார்த்தார்கள். அது ஹையர் சர்டிஃபிகேட். 120 கிரெடிட், 5ஆம் நிலை. மோசடி என்று சொல்ல முடியாது. அதுவும் பதிவு பெற்ற தகுதிதான். ஆனால் பட்டத்தின் முதலாம் ஆண்டு என்று அவன் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார், அந்த நினைப்பைத் திருத்த அங்கே யாரும் மெனக்கெடவில்லை. பணம் கட்டும் முன்பு கேட்க வேண்டியது மூன்று: தகுதியின் முழுப் பெயர், அதன் நிலை, சாக்கா (தகுதிகளைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பு) தரும் பதிவு எண். அந்த எண்ணைச் சாக்காவின் இணையதளத்தில் போட்டால் எத்தனை கிரெடிட், எந்த நிலை என்று எல்லாம் வந்து நிற்கும். எண் கேட்டதும் பேச்சை மாற்றுகிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

இந்த மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாகச் செப்டம்பர் 30 கடைசி நாள், அதற்கு மேல் தாமதக் கட்டணம். ஜனவரியில் ரிசல்ட் வந்ததும் விருப்பத்தை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பும் தருவார்கள். கையேட்டைத் தரவிறக்கும்போது அட்டையில் எந்த வருடம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அக்காவுக்கு உதவிய பழைய கையேட்டைத் தம்பிக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள், பாட எண்களும் முன்பாடங்களும் அடிக்கடி மாறுகின்றன.